மாசிக் கயிறும் கோட்டைக் காமாட்சியும்

என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு ஐசியூவில் கிடந்தபோது அத்தை வேண்டிக்கொண்டது இது: பிள்ளை எழுந்து நடந்தால், புருஷன் ஆயுளுக்காகக் கட்டிக்கொள்ளும் காரடையான் நோன்புக் கயிறை மருமகளுக்கு தர்மபுரி கோட்டைக் காமாட்சி சந்நிதியில்தான் கட்டுவது. அவர் பிழைத்தார். அவளருள்!

மாசி முடிந்து பங்குனி பிறக்கிற, கயிறு கட்டவேண்டிய வேளை இந்தத் தடவை சாயங்காலம் அமைந்தது. காராமணி போட்டு வெல்ல அடையும் உப்படையும் தட்டி எடுத்துக்கொண்டு பென்னாகரத்தில் பஸ் ஏறினோம். நிற்கத்தான் இடம். ஈரத்துணி சுற்றியும் அந்த வெயிலுக்கு வெண்ணெய் பாதி உருகிவிட்டது. 'உருகாத வெண்ணெயும் ஓரடையும்' என்று நோன்பு வேண்டுதலை எந்த வாயால் சொல்வது!

வாசலில், செருப்பு விட்ட கடையிலேயே தட்டும் வாங்கவேண்டும் என்று ஒரே பிடுங்கல். உள்ளே, தரையில் படாத தூணின் அடியில் துணியை நுழைத்துப் பார்த்து செல்ஃபி எடுக்கிற கூட்டம். அதைத் தாண்டி வரிசையில் சேர்வதற்குள் புடவை கசங்கிவிட்டது.

வரிசையில் அத்தை சாவித்திரி கதையை ஆரம்பித்தார். யமனை அவள் பேச்சில் மடக்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சத்தியவான் உயிரை மட்டும் கேட்காதே என்று யமன் சொன்னதும், அவள் முதலில் கேட்டது மாமனார் துயுமத்சேனனுக்குக் கண்பார்வை. அப்புறம்தான் அவருடைய நாடு, தன் அப்பாவுக்கு நூறு பிள்ளைகள், கடைசியில் தனக்கும் சத்தியவானுக்கும் நூறு பிள்ளைகள். அங்கேதான் யமன் மாட்டிக்கொண்டான். புருஷன் உயிர் பாசக்கயிற்றில் போகும்போது மாமனார் கண் எப்படி நினைவுக்கு வந்ததோ! அந்த ஐசியூ நாட்களில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு படுத்திருந்தார் அத்தை.

சந்நிதி வந்தது. சிவப்புப் பட்டில் அம்பாள். குருக்கள் கயிறை பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார். நான் அத்தையிடம் நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "சுமங்கலி யாரையாவது கட்டச் சொல்லும்மா" என்றார். அத்தையின் கை பின்வாங்கியது. "வேண்டினது நீங்கதானே, நீங்களே கட்டுங்க அத்தை" என்று கழுத்தைக் குனிந்துகொண்டேன். முடிச்சு அவருக்குத் தெரியவில்லை. விரலால் தடவித் தடவி முதல் முடிச்சு, நழுவியது, மறுபடியும். "நகருங்க, நகருங்க" என்று பின்னால் சத்தம். குருக்கள் மட்டும் தீபத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து பிடித்தார். மூன்று முடிச்சும் விழுந்தது. மாசிக் கயிறு பாசி படியும், அவ்வளவு காலம் கழுத்தில் நிலைக்கும் என்பார்கள். படியட்டும்.

வீட்டுக்காரருக்காகக் கேட்க இனி என்ன இருக்கிறது, எல்லாம் கொடுத்துவிட்டாயே தாயே! அடுத்த வாரம் அத்தைக்குக் கண் ஆபரேஷன். காமாட்சி, நீதான் கூட நிற்கவேண்டும்.