கம்ப்யூட்டரை ஹாட்ஸ்பாட் ஆக்கப் பட்ட பாடு

வாடகை அறைக்கு ஒரு லேன் கேபிள் மட்டும்தான் வருகிறது. டெஸ்க்டாப்புக்கு இணையம் உண்டு, போனுக்கும் டிவிக்கும் கிடையாது. சரி, கம்ப்யூட்டரையே ஹாட்ஸ்பாட் ஆக்கிவிடலாம் என்று யூஎஸ்பி வைஃபை டாங்கிள் (கம்ப்யூட்டருக்கு வைஃபை தரும் சின்னக் கருவி) வாங்கப் போனேன். "எதை வாங்கினாலும் ஹாட்ஸ்பாட் வரும் சார்" என்றார் கடைக்காரர். வரவில்லை. மாற்றப் போனால், "பாக்கெட்டைப் பிரிச்சிட்டீங்களே" என்று கையை விரித்துவிட்டார். இரண்டாவது டாங்கிளை வேறு கடையில், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே செருகிப் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

டாங்கிளுக்கு ஹாட்ஸ்பாட் வருமா என்று எப்படிப் பார்ப்பது? டிரைவர் (டாங்கிளை இயக்கும் மென்பொருள்) ஏறியதும், விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ipconfig /all' என்று கொடுங்கள். 'மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் வெர்ச்சுவல் அடாப்டர்' என்ற பெயர் பட்டியலில் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பழைய வீடியோக்கள் இதைச் சொல்வதில்லை. அவை ஹாட்ஸ்பாட் உண்டாக்க விண்டோஸ் 7 காலத்து 'ஹோஸ்டட் நெட்வொர்க்' கட்டளையையே இன்னும் ஓதுகின்றன. புது டிரைவர்கள் பலவற்றில் அந்த வசதியே இல்லை, 'ஹோஸ்டட் நெட்வொர்க் சப்போர்ட்டட்: நோ' என்றுதான் காட்டும். அதைப் பார்த்து டாங்கிளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 2016-இல் விண்டோஸ் 10-க்கு வந்த 'மொபைல் ஹாட்ஸ்பாட்' வைஃபை டைரக்டை (ரவுட்டர் இல்லாமல் சாதனங்கள் நேரடியாக இணையும் முறை) வைத்து ஓடுகிறது, அந்தக் கட்டளையைத் தேடுவதில்லை.

செட்டிங்ஸில் அதைப் போட்டேன், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன், போன் உடனே இணைந்தது. ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்றது. ஒரு மாலைப் பொழுது முழுக்க இதிலேயே போனது. போனுக்குக் கிடைத்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 192.168.137 என்று, விண்டோஸ் ஹாட்ஸ்பாட் வழக்கமாகக் கொடுப்பதுபோலவே தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் வழி தெரிந்தது. முகவரி ஒழுங்காக வருகிறது என்றால் வைஃபை பக்கம் குற்றமில்லை, இணையத்தைப் பகிர்கிற பக்கம்தான் அடைத்திருக்கிறது. நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் ஜன்னலில் ஈதர்நெட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஷேரிங். அங்கே இணையத்தைப் பகிர அனுமதிக்கும் டிக்கை எடுத்து ஓகே கொடுத்து, மறுபடி போட்டு, கீழே இருக்கும் பட்டியலில் 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்' என்பதற்குப் பின்னால் நட்சத்திரக் குறியும் எண்ணும் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் ஹாட்ஸ்பாட். போனில் வாட்ஸ்அப் மெசேஜ்கள் மொத்தமாகக் கொட்டின!

அப்புறம் டிவி. அதன் கண்ணுக்கு ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியவில்லை. பழைய டிவி, வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். ஹாட்ஸ்பாட் ப்ராப்பர்ட்டீஸில் எடிட் அழுத்தி பேண்டை, அதாவது அலைவரிசையை, 2.4 என மாற்றியதும் தெரிந்துவிட்டது. வேகம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

இரவில் டிவியை அணைத்துவிட்டு, போனோடு வெளியே போய் வந்தால் ஹாட்ஸ்பாட் தானாகவே படுத்துக் கிடக்கும். யாரும் இணையாமல் சிறிது நேரம் போனால் அணைத்துவிடும் 'பவர் சேவிங்' செய்கிற வேலை அது. அதே பக்கத்தில் அதை ஆஃப் செய்யுங்கள். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் டிவியில் படம் பாதியில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

எட்டு சாதனங்கள் வரைதான் ஏற்கும், எனக்கு அது தாராளம். தீராத ஒரே எரிச்சல், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் ஹாட்ஸ்பாட் தானாக எழுந்து வருவதில்லை. டாஸ்க்பாரில் நெட்வொர்க் ஐகானை அழுத்தி, நாமே ஆன் செய்தாக வேண்டும். அப்டேட் வந்து ராத்திரி ரீஸ்டார்ட் ஆனால், காலையில் போனுக்கு முன் கம்ப்யூட்டரைத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.