ஆர்க்டிக் கேள்வி: கொள்கை வேறு, சட்டம் வேறு

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வு (மெயின்ஸ்) முடிவு வந்துவிட்டது. அடுத்த முறைக்காக தர்மபுரி, கிருஷ்ணகிரி நூலகங்களில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, துருவப் பகுதியை ஒதுக்காதீர்கள். அதன் பொதுப் பாட (ஜி.எஸ்.) முதல் தாளில் 2015, 2018, 2021 என்று மூன்று முறை வந்த பகுதி.

மதிப்பெண் போவது ஒரே இடத்தில்தான். 2022 மார்ச்சில் இந்தியா ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் அண்டார்டிக் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டையும் கலந்தால் விடை மொத்தமும் சாய்ந்துவிடும். தென்துருவம் கடல் சூழ்ந்த நிலம். அங்கே 1959 அண்டார்டிக் உடன்படிக்கை இருக்கிறது. ஆராய்ச்சிக்கன்றி கனிமத்தைத் தொடக்கூடாது என்கிறது 1991 மாட்ரிட் நெறிமுறை. அதை நம் நாட்டவர் மீது செல்லுபடியாக்கத்தான் சட்டம் வேண்டியிருந்தது. வடதுருவமோ நிலம் சூழ்ந்த கடல். கரையோர நாடுகளுக்கு அங்கே இறையாண்மை உரிமை உண்டு, நமக்கு இல்லை. அதனால்தான் வெறும் கொள்கை. "ஆர்க்டிக் சுரங்கங்களை இந்தியா தடைசெய்ய வேண்டும்" என்று எழுதினாலே அடிப்படை புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

மனப்பாடம் இவ்வளவு போதும்:
- 1920: ஸ்வால்பார்ட் (நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டம்) உடன்படிக்கை
- 2008: இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம், ஸ்வால்பார்டின் நி-ஒலெசுண்டில்
- 2013: ஆர்க்டிக் கவுன்சிலில் (ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பு) இந்தியா பார்வையாளர். உறுப்பினர் என்று எழுதாதீர்கள். உறுப்பு நாடுகள் 8, முடிவு அவர்களுடையது.
- 2014: ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டில் இண்ட்ஆர்க், கடலடி ஆய்வுக் கருவி

ஆர்க்டிக்கில் 13% எண்ணெய், 30% எரிவாயு என்ற 2008 அமெரிக்கப் புவியியல் ஆய்வு மதிப்பீட்டை எல்லாரும் எழுதுகிறார்கள். "உலகில் இன்னும் கண்டுபிடிக்கப்படாததில்" என்ற சொற்களைப் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் அந்த வரியே பொய்.

கொள்கையின் ஆறு தூண்களை வரிசையாக ஒப்பிப்பதில் பயன் குறைவு. முதல் இரண்டும் அறிவியல், சுற்றுச்சூழல். மூன்றாவது பொருளாதாரம், அதில் பொறுப்போடு கனிமம் தேடலாம் என்கிறது. உருகும் பனியைக் காக்கவும் வேண்டும், உருகுவதால் திறக்கும் வளத்தில் பங்கும் வேண்டும். இந்த முரணுக்கு மூன்று வரியாவது கொடுங்கள். விமர்சன மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

ஆர்க்டிக் பனிக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதும் கொள்கையின் நோக்கம். பென்னாகரம் பக்கத்து மானாவாரி ராகியை உதாரணமாகத் தொடலாம். ஆனால் அங்கே பனி உருகியதால்தான் இங்கே மழை பொய்த்தது என்று நேர்கோடு போடாதீர்கள்.

10 மதிப்பெண் கேள்விக்கு ஏழெட்டு நிமிடம். அதில் ஒரு நிமிடம் படத்துக்கு: நடுவில் துருவம், சுற்றி எட்டு நாடுகள், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட், அதில் ஹிமாத்ரிக்கு ஒரு புள்ளி.