இஸ்ராஹேலும் ஈடாவும்: பெர்லினில் டிக்கெட் இல்லாமல் பார்த்த அச்சோவியம்

பெர்லினில் ஒரு பழைய அச்சோவியத்தைப் பார்க்கப் போனேன்; போகும் வழி, செலவு எல்லாம் வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வழியில் ஏறிய ஒரு பேருந்தின் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. நியூரம்பெர்கிலிருந்து பெர்லினுக்கு விரைவு ரயிலில் சுமார் 3 மணி நேரம்தான். கடைசி நேர டிக்கெட் விலை கையைச் சுட்டதால், மாதப் பயணச்சீட்டை வைத்துக்கொண்டு உள்ளூர் ரயில்களில் மாறி மாறிப் போனேன். பாதி வழியில் தண்டவாள வேலை என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள், மாற்றுப் பேருந்து எங்கே நிற்கும் என்று ஒரு பலகைகூட இல்லை, வந்த பேருந்திலும் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தால் அடுத்த ரயில் கிளம்பிப் போயிருந்தது. மிச்சம் பிடித்த காசில் பாதி, ஸ்டேஷன் சாண்ட்விச்சுக்கும் காபிக்கும் போயிற்று.

அன்று இரவு பெர்லினின் கிராய்ஸ்பெர்க் பகுதியில் ஒரு துருக்கிக் கடையில் மசூர் பருப்பு சூப் சாப்பிட்டேன். எலுமிச்சை பிழிந்து, சூடான ரொட்டியோடு. அமிர்தம்! விலையும் குறைவு.

சரி, வந்த விஷயம். பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் அருகே குல்தூர்ஃபோரம் வளாகத்தில் குப்ஃபர்ஷ்டிஷ்கபினெட் என்ற அச்சோவிய அருங்காட்சியகம் இருக்கிறது. 5 லட்சத்துக்கும் மேல் அச்சோவியங்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அவற்றை நிரந்தரமாகச் சுவரில் மாட்டுவதில்லை. படிப்பறையில் கேட்டால் நம் மேசைக்கே எடுத்து வந்து தருகிறார்கள். கட்டணம் கிடையாது.

நான் கேட்டது இஸ்ராஹேல் ஃபான் மெக்கெனெம் தன்னையும் மனைவி ஈடாவையும் 1490 வாக்கில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த படம். இஸ்ராஹேல், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய பொகோல்ட் என்ற ஜெர்மன் ஊரில் வாழ்ந்த பொற்கொல்லர், 1503-ல் இறந்தார். 600-க்கும் மேல் அச்சோவியங்கள் செய்தவர், அவற்றில் பெரும்பாலானவை அடுத்தவர் படங்களின் நகல்கள். அக்காலத்தின் பெயர்பெற்ற ஜெர்மன் கலைஞர்களான ஷோன்காவர், இளம் டியூரர் யாரையும் விடவில்லை. அதனாலேயே இவரை வெறும் நகலெடுப்பவர் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அநியாயம். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் அச்சில் வந்த முதல் சுய உருவப்படம் இவருடையதுதான். டியூரர் தன் முகத்தை வரைந்தார், தீட்டினார். தனிப் படமாக அச்சில் கொண்டுவரவேயில்லை.

தபால் அட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. குனிந்து பார்த்தால் எல்லாமே கோடுகள். கண்ணுக்குக் கீழே தொங்கும் தோல், நெற்றிச் சுருக்கம், பின்னால் பூவேலை செய்த துணி, எல்லாம் உளி முனை இழுத்த மெல்லிய கோடுகள். ஈடாவின் தலைத்துணியில் வெண்மையாகத் தெரிவது மை படாத காகிதம். கீழே லத்தீனில் இருவர் பெயரும் இருக்கிறது, அச்சில் நேராக விழ, அதைத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கியிருக்க வேண்டும்! அவர் தன்னை அழகாக்கிக்கொள்ளவில்லை, மனைவி முகத்தையும் சிறிதாக்கவில்லை. ஓவியமாக இருந்திருந்தால் ஒரு வீட்டுச் சுவரோடு நின்றிருக்கும். அச்சு என்பதால் அந்த இரண்டு முகமும் எத்தனையோ கைகளுக்குப் போயிருக்கின்றன. என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை.

வார நாளில் போங்கள், முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள், பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பெடுக்கப் பென்சில் போதும். அப்புறம், ஷோன்காவர் படங்களையும் சேர்த்தே கேளுங்கள். மூலத்தையும் நகலையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.