சுருள் இறக்கை: ஒரு கோடைக்கால நாட்குறிப்பு

ஜூன் 3

காலை ஏழு மணிக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்றார் அங்கே என்னை வழிநடத்தும் அக்கா. ஏன் என்று கேட்டேன். அதை ஈக்களிடம் கேள் என்றார். பழ ஈக்கள் பெரும்பாலும் விடிகாலையில்தான் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருகின்றன. 25 டிகிரி வெப்பத்தில், புதிதாக வந்த பெண் ஈ ஏறத்தாழ 8 மணி நேரம் ஆணை ஏற்பதில்லை. அதற்குள் பிரித்தெடுத்தால்தான் அது நமக்கு உதவும். ஒருமுறை சேர்ந்துவிட்டாலோ விந்தைப் பல நாள் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு முட்டையிடும். பிறகு அந்தக் குப்பியில் இருப்பவை யாருடைய பிள்ளைகள் என்று எவராலும் சொல்ல முடியாது. கார்பன் டை ஆக்சைடு கசியும் தட்டின் மேல் மயங்கிக் கிடக்கும் ஈக்களைத் தூரிகையின் நுனியால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பிறந்தவை வெளிறிப் போய், இறக்கை மடங்கி, வயிற்றுத் தோலின் அடியில் கரும்பச்சையாக ஒரு புள்ளி தெரியக் கிடந்தன. அந்தப் புள்ளி இருந்தால் கன்னி ஈ.

ஜூன் 4

கண்ணை மூடினாலும் அந்தப் புள்ளி தெரிகிறது.

ஜூன் 8

இரண்டு வகை ஈக்களை இணைசேரவிட்டு முதல் கலப்பு வைத்தாயிற்று. ஒரு மரபணுவை நரம்பணுக்களில் மட்டும் அடக்கினால் ஈயின் ஏறும் திறன் குறைகிறதா என்பது கேள்வி. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கால்4 என்னும் புரதத்தை ஒரு பெற்றோரிலும், அது இயக்க வேண்டிய பகுதியை மற்றொரு பெற்றோரிலும் வைக்கும் முறையை ஆண்ட்ரியா பிராண்டும் நார்பெர்ட் பெரிமானும் 1993இல் வெளியிட்டார்கள். இரண்டும் பிள்ளையில் கூடினால்தான் வேலை தொடங்கும். முறை அவர்களுடையது, கேள்வி பேராசிரியருடையது, ஈக்கள் அக்காவுடையவை. இதில் என்னுடையது எது என்ற எண்ணம் இன்று நாள் முழுவதும் உடன் வந்தது.

ஜூன் 12

காத்திருப்பு. 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ 10 நாள் ஆகும். 8 வாரக் கோடைத் திட்டத்தில் எத்தனை தலைமுறை கிடைக்கும் என்று யார் கணக்குப் போட்டார்களோ, நிச்சயமாக ஈ வளர்த்தவர் யாரும் போட்டிருக்கமாட்டார்கள்.

இரவில் மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டெவன்ட்டைப் பற்றிப் படித்தேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோது, 1911இல், அங்கே பழ ஈ ஆய்வகம் நடத்திய தாமஸ் ஹன்ட் மார்கனோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு, மரபணுக்கள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்பதை வைத்தே அவற்றின் இடைவெளியை அளந்துவிடலாம் என்று தோன்றியது. கல்லூரிப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே இரவில் குரோமோசோமின் முதல் வரைபடத்தை வரைந்து முடித்தார்; 1913இல் அது கட்டுரையாக வந்தது. கோடையில் ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு மாணவரிடமும் இந்த இரவைச் சொல்லி உற்சாகப்படுத்துகிறார்கள். அந்த இரவுக்கு முன்னால் யாரெல்லாமோ உட்கார்ந்து எண்ணி வைத்த ஈக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு கால்வின் பிரிட்ஜஸ்தான் நெருக்கமாகத் தெரிகிறார். அதே ஆய்வகத்தில் குப்பி கழுவ வந்த மாணவர் அவர். கழுவ வேண்டிய குப்பியின் தடித்த கண்ணாடி வழியாகவே ஓர் ஈயின் கண் நிறம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தவர்.

இன்குபேட்டர் 25.

ஜூன் 19

பிள்ளைகள் வந்துவிட்டன. தாயா தந்தையா ஏதோ ஒன்றிலிருந்து வந்த சுருள் இறக்கைதான் அடையாளம்: மேல்நோக்கிச் சுருண்ட இறக்கை இருந்தால் தேவையான இரண்டில் ஒன்று வந்து சேரவில்லை, மரபணு அடங்கவில்லை; நேராக இருந்தால் அடங்கியது. ஒரே குப்பியில், ஒரே உணவில் வளர்ந்த உடன்பிறப்புகளே ஒப்பீட்டுக்குக் கிடைப்பதை நினைத்து மகிழ்ந்தேன். சில இறக்கைகள்தாம் சுருண்டனவா இல்லையா என்று முடிவு செய்ய முடியாமல் கிடந்தன. வெப்பம் குறைந்தால் சுருள் சரியாக விழாது என்கிறார் அக்கா. இன்குபேட்டரை மறுபடி பார்த்தேன். 25.

ஜூன் 30

10 நாள் வயதான ஈக்களைக் கொண்டு ஏறும் சோதனை. குப்பியைத் தட்டினால் எல்லாம் அடியில் விழும். பிறகு 10 விநாடிக்குள் குப்பியின் மேல் வரைந்த கோட்டைத் தாண்டுபவற்றை எண்ண வேண்டும். மயக்கிய ஈக்களை ஒரு நாளாவது ஓய்வில் விட்டுத்தான் ஓடவிட வேண்டும் என்பதால் நேற்று முழுவதும் சும்மா இருந்தேன்.

எண்ணும்போதே ஓர் அச்சம் பிடித்துக்கொண்டது. எந்தக் குப்பியில் எவை இருக்கின்றன என்பது பெயர்ச்சீட்டை மறைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், இறக்கையே சொல்லிவிடுகிறது. நேர் இறக்கை தோற்க வேண்டும் என்று விரும்புகிற நான், கோட்டின் மேல் பாதி உடலோடு நிற்கும் ஈயை எந்தக் கணக்கில் சேர்ப்பேன்? அளவுகோல் கறாராக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. இன்றைய எண்களை நம்பமாட்டேன்.

ஜூலை 2

கேமராவைத் தள்ளி வைத்துப் படம்பிடித்தால் ஈக்கள் கரும்புள்ளிகளாகத்தான் தெரியும், இறக்கை தெரியாது. குப்பிகளுக்கு அக்கா வேறு எண் இட்டு, பட்டியலை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டார். யோசனை நான் சொன்னது என்று பேராசிரியரிடமும் சொன்னார். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 6

உறையைப் பிரித்தோம். நேர் இறக்கை ஈக்கள் குறைவாகத்தான் ஏறுகின்றன; ஆனால் வித்தியாசம் நான் கையால் எண்ணியதைவிடச் சிறியது. நான் குதூகலிப்பதற்குள் அக்கா ஒன்றைச் சொன்னார்: சுருள் இறக்கையைத் தாங்கும் குரோமோசோம் பல இடங்களில் புரட்டிப் போடப்பட்டது, வேறு பழுதுகளையும் சுமப்பது, அந்த ஈக்களையே நலமானவை என்று எப்படிக் கொள்வாய்? உடன்பிறப்பு கிடைத்ததே என்று பெருமைப்பட்ட இடத்திலேயே ஓட்டை. மாற்றம் எதுவும் செய்யாத இயல்வகை ஈயோடு இரு பெற்றோர் வரிசைகளையும் தனித்தனியே கலந்து பார்த்தாக வேண்டும்.

ஜூலை 7

கலந்தாயிற்று. இவை 17ஆம் தேதி வெளிவரும். 10 நாள் வயது 27ஆம் தேதி நிரம்பும். திட்டம் 24ஆம் தேதி முடிகிறது.

ஜூலை 9

5 நாள் வயதிலேயே ஓடவிடலாமா என்று கேட்டேன். ஏறும் திறன் வயதோடு மாறும்; பிறகு எதனோடு எதை ஒப்பிடுவாய் என்றார் அக்கா. வேண்டுமானால் எல்லாவற்றையும் 5 நாளில் மறுபடி தொடங்கு என்றார். அதற்கும் நாளில்லை. இன்குபேட்டரைத் திறக்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 17

வந்துவிட்டன. இயல்வகைக்கு இறக்கைச் சிக்கல் கிடையாது. கால்4 கலப்பில் எல்லாம் நேர்.

ஜூலை 20

போஸ்டரில் உள்ள வரைபடத்தில் இயல்வகைக் கலப்புக்கான மூன்றாவது பத்திக்கு அச்சு வரைந்து, பெயரெழுதி, எண் இல்லாமல் விட்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், எடுத்துவிடலாம் என்கிறார் பேராசிரியர். கேட்கட்டும். இரண்டு பத்திகளை மட்டும் காட்டினால் படம் முடிந்ததுபோல் இருக்கும். அக்கா யார் பக்கமும் பேசாமல் குப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 27ஆம் தேதிக்குத் தானே படம்பிடித்து வைப்பதாகவும், எண்ணுவதை நான் எங்கிருந்தாலும் செய்யலாம் என்றும் மாலையில் சொன்னார். குப்பி எண்களை எனக்குச் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 21

உணவு மாற்ற வேண்டும். 25.