ஷிட்சூ குட்டிக்கு உச்சா பழக்கம்: 8-வது வாரத்திலிருந்து 22-வது வாரம் வரை

இடம்: பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடி ஃபிளாட். லிஃப்ட் உண்டு. பால்கனி 4 அடிக்கு 9 அடி. குட்டி: பெண் ஷிட்சூ, நீள முடி உள்ள சின்ன இன நாய். ஏப்ரல் முதல் வாரம் வந்து சேர்ந்தபோது வயது 8 வாரம், எடை 1.3 கிலோ.

சின்ன இன நாய்கள் பிடிவாதம் பிடிக்கும், பழக்கவே முடியாது என்று பரவலாக ஒரு பேச்சு இருக்கிறது. அது தப்பு. மூத்திரப்பை சின்னது, வீடு அதற்கு ரொம்பப் பெரிது, அவ்வளவுதான் விஷயம். நாய் தான் படுக்கும் இடத்தை அசிங்கப்படுத்தாது. ஒன்றேகால் கிலோ குட்டிக்கு ஹாலின் எதிர்மூலையே வேறு தெரு மாதிரி. அங்கே போய் உச்சா இருந்துவிட்டு வருவது அதன் கணக்கில் ஒழுங்கான செயல்தான். இன்னொன்று, லாப்ரடார் குட்டி உச்சா போனால் குளம் கட்டும், யாருக்கும் தெரியும். ஷிட்சூ போவது இரண்டு ஸ்பூன். சோபாவுக்குப் பின்னால் காய்ந்து போகும். கண்ணில் படாத தப்பை யாரும் திருத்த முடியாது. அதனால் முதல் நாளிலிருந்தே நோட்டில் நேரம் குறித்தாக வேண்டும்: எழுந்தது, சாப்பிட்டது, உச்சா போனது, எங்கே போனது.

8, 9-வது வாரம்

ஹாலில் 4 அடிக்கு 4 அடி கம்பி வேலி. ஒரு மூலையில் 24 அங்குலக் கூண்டு, உள்ளே தடுப்பு போட்டு, குட்டி நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம். கூண்டு பெரிதாக இருந்தால் பாதியில் படுத்து மீதியில் உச்சா போய்விடும், வாங்கியதே வீண். எதிர்மூலையில் 60-க்கு 90 செ.மீ. பேட் (உச்சாவை உறிஞ்சும் விரிப்பு). பால்கனியில் 2 அடிக்கு 3 அடி தட்டில் உயிருள்ள புல். லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரிகளில் மெக்சிகன் புல் பாய் பாயாகக் கிடைக்கிறது. தட்டின் அடியில் துளை அவசியம். இல்லாவிட்டால் மூன்றே நாளில் நாற்றம் வந்துவிடும். இந்த வயதில் காலுக்கடியில் எந்தத் தரை படுகிறதோ அதையே குட்டி கழிப்பிடமாக மனதில் பதித்துக்கொள்கிறது. அதனால் புல்லை முதல் நாளே வைத்தாகிவிட்டது.

பகலில் தூக்கிப் போகும் நேரங்கள்: தூங்கி எழுந்த அடுத்த நொடி, சாப்பிட்டு 5 முதல் 20 நிமிடத்துக்குள், விளையாடும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை. இவை எதுவும் இல்லாவிட்டாலும் முக்கால் மணிக்கு ஒருமுறை. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும் என்ற பழைய கணக்கு இந்த உருவத்துக்குச் சரிவராது. பாதி என்று வைத்துக்கொள்ளலாம். நடத்திக் கூட்டிப் போகாமல் கையில் தூக்கிப் போக வேண்டும். நடந்தால் வழியிலேயே உட்கார்ந்துவிடும். இரவு 11, 2, 5 மணி. விளக்கு போடாமல், பேசாமல் தூக்கிப்போய் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கூண்டில். அந்த நேரத்தில் கொஞ்சினால் 2 மணி விளையாட்டு நேரமாகிவிடும்.

புல்லில் இறக்கியதும் "உச்சா போ" என்ற ஒரே சொல். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். முடித்த அடுத்த நொடி, அந்த இடத்திலேயே, மிளகு அளவு வேகவைத்த கோழி. உள்ளே வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்றே குட்டி புரிந்துகொள்ளும். பாதியில் பாராட்டினாலும் சிக்கல்: சட்டென்று நிறுத்திவிட்டு கைக்கு ஓடிவரும், மீதி ஹாலில். முதல் தவணை முடிந்து இன்னும் இரண்டு நிமிடம் நிற்பது நல்லது. சின்னக் குட்டிகள் பெரும்பாலும் இரண்டு தவணையாகத்தான் போகின்றன.

உணவு நான்கு வேளை, நேரம் தவறாமல். உச்சா குறையட்டும் என்று தண்ணீரையோ சாப்பாட்டையோ குறைக்கவே கூடாது. இந்த எடையில் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிக் குட்டி துவண்டுவிடும்.

நோட்டுக் கணக்கு: நாளுக்கு 15 தடவை, அதில் 9 தப்பு.

10-வது வாரம்

தப்பு 5 ஆனது.

11-வது வாரம்

திரும்ப 7. நோட்டைப் பார்த்தால் எல்லாமே இரண்டு இடம்: வாசல் தேங்காய் நார் மிதியடி, பூஜை அறைக்கு முன்னால் கிடந்த பாய். இரண்டும் புல் மாதிரியே காலில் குத்துகின்றன. குட்டி கற்றதைத்தான் செய்தது, இடம்தான் மாறிவிட்டது. மிதியடி, பாய், குளியலறை விரிப்பு எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்குச் சுருட்டி மேலே வைத்ததும் இரண்டே நாளில் தப்பு குறைந்தது.

ஆனால் அதே ஓடுகளில் இன்னும் முகர்ந்துகொண்டிருந்தது. காரணம் துடைக்கும் முறை. காலையில் ஃபினாயில் போட்டுத் துடைத்தால் நம் மூக்குக்கு உச்சா வாடை மறையும், நாய் மூக்குக்கு மறையாது. ஃபினாயில் ஈரத்தில் நடந்து காலை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். அமோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அந்த வாடையே மூத்திரம் போலிருக்கும். சரியான வழி: முதலில் டிஷ்யூவை அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்ட் கோட்டுக்குள் இறங்கிவிடும். பிறகு என்சைம் கிளீனரைத் தாராளமாக ஊற்றி 15 நிமிடம் ஊறவிட்டு, தானாகக் காயவிட வேண்டும். வாடை தரும் மிச்சத்தை உடைப்பது அந்த என்சைம்தான், அதற்கு நேரம் தேவை. இரவில் விளக்கணைத்து யூவி டார்ச் அடித்தால் காய்ந்த இடங்கள் மின்னும். சோபாவுக்குப் பின்னால் நான்கு இடம் அப்படித்தான் தெரிந்தது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதை விளக்கி, வேலியைச் சுற்றிப் பத்தடிக்கு ஃபினாயில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவரும் இந்தப் பயிற்சியில் ஓர் ஆள்தான்.

12 முதல் 15-வது வாரம்

பேட் கிழிக்கும் காலம். உள்ளே இருக்கும் ஜெல்லை விழுங்கினால் ஆபத்து. மேலே கம்பிவலை உள்ள தட்டுக்குள் பேட்டை வைத்ததும் நின்றது. மூன்று நாள் தொடர்ந்து தப்பே இல்லையென்றால் வேலியை இரண்டடி விரிப்பது, ஒரு தப்பு வந்தால் பழைய அளவுக்குத் திரும்புவது. 14-வது வாரம் முழு ஹால், நாளுக்கு 1 தப்பு. அதுவும் மாலை 7 மணி வாக்கில், வீட்டுக்கு ஆட்கள் வந்து சேரும் நேரத்தில். வாசலில் வாலை ஆட்டிக்கொண்டே சொட்டுவது பழக்கக் கோளாறு அல்ல, சந்தோஷத்தில் பிடி விடுவது. உள்ளே வருபவர் ஐந்து நிமிடம் குட்டியைக் கண்டுகொள்ளாமல், குனியாமல் இருந்தால் போதும்.

தப்பு செய்தால் அடிப்பது, மூக்கை அதில் தேய்ப்பது எல்லாம் கூடவே கூடாது. குட்டி அதிலிருந்து கற்பது ஒன்றுதான்: மனிதர் எதிரில் உச்சா போகக் கூடாது. அப்புறம் புல்லில் நீங்கள் பக்கத்தில் நின்றாலும் அடக்கிக்கொண்டு, கட்டிலுக்கடியில் போய்விடும்.

இந்த வாரங்களில் பின்புற முடியைக் கத்தரித்துவிட வேண்டும். ஷிட்சூவின் நீள முடியில் ஈரம் தங்கிப் படுக்கைக்கு வாடை ஏறினால், படுக்கையைக் காக்கும் குணமே மழுங்கிவிடும்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது தப்பு திடீரென்று இரட்டித்தால், சொட்டுச் சொட்டாகப் போனால், முக்கினால், ரத்தம் தெரிந்தால் அது நோய்த்தொற்றாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

18-வது வாரம்

குட்டிகளுக்குக் கொடிய வயிற்றுப்போக்கு தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் 16-வது வாரக் கடைசி ஊசிக்குப் பிறகும் இரண்டு வாரம் பொறுத்து, ஜூன் நடுவில்தான் கீழே இறக்கினோம். மழையும் அப்போதே தொடங்கியது. தரையிலிருந்து வயிறு நான்கு விரல் உயரத்தில் இருக்கும் நாய்க்கு ஈரப் புல் என்றால் குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது போல. காலை மடக்கிக்கொண்டு நிற்கும், மேலே வீட்டுக்கு வந்து உச்சா போகும். பால்கனியில் வாசனை ஏறிய புல்லில் ஒரு கையளவு பிய்த்து, காம்பவுண்ட் ஓரம் கூரை மறைவான மண்ணில் போட்டு, தினமும் அதே இடம், அதே சொல். ஆறாவது நாள் போயிற்று. தெருநாய்கள் சுற்றும் பக்கம் போனால் பயத்தில் அடக்கிக்கொள்கிறது, அதனால் இடத்தை மாற்றவில்லை. லிஃப்டில் இரண்டு வழியும் கையில்தான். ஆய் எடுக்கப் பை எப்போதும் சட்டைப் பையில். வந்ததும் கால் இடுக்கு, காது மடல் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது தினசரி வேலை.

22-வது வாரம்

எடை 3.1 கிலோ. பகலில் மூன்றரை மணி நேரம், இரவில் ஏழு மணி நேரம் தாங்குகிறது. 12 நாளாக வீட்டுக்குள் தப்பு இல்லை. புல் பாயை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். மூத்திரத்து நைட்ரஜனில் நடுப்பகுதி கருகிவிடுகிறது. தட்டை எடுக்கும் எண்ணம் இல்லை. அடைமழை நாளில் சின்ன இனத்துக்கு வீட்டுக்குள் ஓரிடம் இருப்பதுதான் நியாயம். வாசல் மிதியடி மட்டும் இந்த ஞாயிறு திரும்ப வருகிறது. நார் இல்லை, வழவழப்பான ரப்பர்.