அப்பாவின் நெபுலைசரும் ஒரு பழைய சோலார் பேனலும்

புயல் ஓய்ந்த பிறகு கரண்ட் வர மூன்று நாள் ஆனது. முதல் ராத்திரியே வீட்டு யுபிஎஸ் தீர்ந்துவிட்டது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. மருந்தை ஆவிபோல் மாற்றி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசரைப் போட முடியாமல் அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விடியலுக்குக் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பக்கத்து வீட்டு மாடியில் வரிசையாக சோலார் பேனல்கள் இருக்கின்றன. அந்த வீடும் இருட்டாகத்தான் கிடந்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. மின் லைனோடு இணைத்த, பேட்டரி இல்லாத சோலார் அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானாகவே நின்றுவிடும். லைனைச் சரிசெய்கிறவர்கள் மீது நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆபத்து நேரத்துக்கு வேண்டுமென்றால் பேட்டரியோடு தனியாக நிற்கும் சின்ன அமைப்பு ஒன்று தேவை. அதை நானே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

எத்தனை வாட் பேனல் வாங்கலாம் என்றுதான் முதலில் தேடினேன். அது தலைகீழான வழி. ஒரு ராத்திரிக்கு நமக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ப்ளக்கில் மாட்டும் பவர் மீட்டர் ஒன்றை வைத்து ஒவ்வொரு பொருளாக அளந்தேன். 7 வாட் எல்இடி பல்பு இரண்டு, 6 மணி நேரம்: 84 வாட் மணி. 15 வாட் டிசி டேபிள் ஃபேன், 8 மணி நேரம்: 120. வைஃபை ரவுட்டர் 9 வாட், 10 மணி நேரம்: 90. மூன்று போன்களுக்கு 60. நெபுலைசர் 140 வாட் காட்டியதும் இது பேட்டரியைக் குடித்துவிடுமே என்று பயந்தேன். ஆனால் அது ஓடுவது ஒரு வேளைக்கு 12 நிமிடம்தான். மூன்று வேளைக்கும் சேர்த்து 84 வாட் மணி, அதாவது இரண்டு பல்புகள் தின்கிற அளவுதான். ஆக மொத்தம் 438. இழப்புகளையும் சேர்த்து 500 என்று வைத்துக்கொண்டேன்.

பேட்டரியில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி புதிதாகவே வாங்கினேன். கணக்குப்படி 1,280 வாட் மணி. அதில் 80 சதவீதம் எடுத்தாலும் வெயிலே இல்லாமல் இரண்டு ராத்திரி ஓட்டிவிடலாம். லெட் ஆசிட் வாங்கும்போது விலை குறைவுதான். ஆனால் நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் அதில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடமும் வேண்டும். அப்பா படுக்கும் அறைக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் பிடித்தது பேனலில். ஒரு கட்டடத்திலிருந்து கழற்றிய பழைய 250 வாட் பேனல் கிடைத்தது. பேனல்கள் மெதுவாகத்தான் தேய்கின்றன, வருடத்துக்கு அரை சதவீதம் போல. ஆனால் சோதிக்காமல் வாங்கக் கூடாது. வெயிலில் வைத்து மல்டிமீட்டரால் பார்த்தபோது 36 வோல்ட் காட்டியது. பின்பக்க லேபிளில் 37.4 என்று இருந்தது. சூடான பேனலில் வோல்ட் கொஞ்சம் இறங்கும் என்பதால் அது சரிதான். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, பின்பக்க ஷீட் உப்பியிருக்கிறதா, பழுப்பு நிறத்தில் கருகின இடம் உண்டா என்று நிதானமாகப் பார்த்துத்தான் எடுத்து வந்தேன்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கண்ட்ரோலர். அதில் எம்பிபிடி, பிடபிள்யூஎம் என்று இரண்டு வகை. இந்த மாதிரிப் பேனலுக்கு எம்பிபிடிதான் வேண்டும். வேலை செய்யும்போது பேனல் 30 வோல்ட்டில் 8 ஆம்பியர் தருகிறது. பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். ஆம்பியர் அதே 8 தான் என்பதால் கிடைப்பது 100 வாட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எம்பிபிடி அந்தக் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கென்றே வரும் 100 வாட் பேனலாக இருந்தால் பிடபிள்யூஎம் போதும். இங்கே போதாது.

வயருக்கும் இதே கணக்குத்தான். மாடியிலிருந்து கீழே 12 மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் வயரில் 30 வோல்ட், 8 ஆம்பியர் வரும்போது சுமார் ஒரு வோல்ட்தான் வீணாகிறது. கண்ட்ரோலரை மாடியில் வைத்து, 13 வோல்ட், 18 ஆம்பியரை அதே வயரில் இறக்கியிருந்தால் கிட்டத்தட்ட 2 வோல்ட் போயிருக்கும். அதனால் கண்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே சுவரில் மாட்டினேன்.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். அப்புறம், கண்ட்ரோலர் வரும்போதே லெட் ஆசிட் செட்டிங்கில் இருந்தது. அதை லித்தியத்துக்கு மாற்றி, உச்ச வோல்ட்டை 14.4 ஆக வைத்து, லெட் ஆசிட்டுக்கான கூடுதல் வோல்ட் சார்ஜான ஈக்வலைசேஷனை அணைத்த பிறகுதான் வெயிலைக் காட்டினேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ். அது தள்ளியிருந்தால், ஃபியூஸ் வரைக்குமான வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

நெபுலைசருக்காக, லைன் கரண்ட் போலவே சீரான அலை தரும் 300 வாட் ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர் வைத்தேன். மோட்டார் கிளம்பும் நொடியில் கூடுதலாக இழுக்கும் என்பதால் இந்த அளவு. முதல் சோதனையில் மோட்டார் ஓடிய சில நொடிகளில் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. பேட்டரி நிறைந்திருந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே கதை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தவர் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. நெபுலைசரை ஓடவிட்டு, அது நின்றதும் வயர்களின் முனைகளுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனார்.

“தம்பி, இந்த லக்கை எதால அழுத்துனீங்க?”

“கட்டிங் பிளையரால, அண்ணே.”

“கையை இப்படிக் கிட்ட வைங்க.”

தொடாமலேயே அனல் அடித்தது. வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டான அந்த லக்கை ஒட்டியிருந்த சிவப்பு உறை சுருங்கிப் பளபளவென்று ஆகியிருந்தது. லேசான பிளாஸ்டிக் வாடை. மோட்டார் ஓடும் அந்தச் சில நொடிகளில் அளந்தபோது பேட்டரி முனையில் 13.2 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 11. நடுவில் தொலைந்த 2.2 வோல்ட்டும், போய்க்கொண்டிருந்த 14 ஆம்பியரும் சேர்ந்தால் 30 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு அது, என் வீட்டு அலமாரிக்குள். கட்டிலுக்குப் பக்கத்தில் இதை விட்டுவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கை நடுங்கியது. அவர் அந்த முனையை வெட்டிவிட்டு, 10 ஸ்கொயர் எம்எம் வயரில் புது லக் வைத்து ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தினார். கம்பிகள் ஒரே கட்டியாகிவிட்டன. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இப்போது இரண்டு முனைக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட். அந்த கிரிம்பரை வாடகைக்காவது எடுங்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் அலைகிற நேரத்தில் கால்வாசியை இணைப்புகளுக்குக் கொடுங்கள்.

இன்வெர்ட்டரைச் சும்மா ஆனில் வைத்தாலே 8 வாட் தின்கிறது. ஒரு நாளைக்கு 192 வாட் மணி. அப்பாவின் மூன்று வேளை நெபுலைசரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மட்டும்தான் அதைப் போடுகிறோம். பல்பு, ஃபேன், போன் சார்ஜர் எல்லாம் நேரடி 12 வோல்ட்டில் ஓடுபவை. ரவுட்டருக்கு மட்டும் நடுவில் ஒரு டிசி கன்வெர்ட்டர், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வரை போகும். இன்வெர்ட்டரின் கரண்டை வீட்டுச் சுவர் ப்ளக்கில் செலுத்தும் யோசனை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வீட்டை லைனிலிருந்து பிரித்துவிடும் முறையான சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால் தெரு லைனில் ஏறி வேலை செய்கிறவரின் உயிர் போகும்.

பேனலை வட அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்தும், தென் அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்தும் சாய்த்து வைக்க வேண்டும். எனக்குச் சிக்கல் கொடுத்தது தண்ணீர்த் தொட்டியின் நிழல். மதியம் 3 மணிக்கு மேல் பேனலின் கீழ் ஓரத்தில் ஒரு சாண் நிழல் விழுந்ததும் உற்பத்தி ஏறக்குறைய செத்துவிட்டது. 60 செல் பேனல் நீளவாக்கில் மூன்று பகுதிகளாக இணைக்கப்பட்டது. நிமிர்த்தி வைத்தால் கீழ் ஓர நிழல் மூன்றையுமே தொடுகிறது. படுக்கவைத்தாற்போல் திருப்பி மாட்டினேன். இப்போது நிழல் ஒரு பகுதியைத்தான் அடைக்கிறது, மற்ற இரண்டும் வேலை செய்கின்றன.

கடைசியாக வாங்கினாலும் நான் தினமும் பார்ப்பது ஷண்ட் மீட்டரைத்தான். லித்தியம் பேட்டரி 13.2 வோல்ட்டிலேயே வெகுநேரம் நிற்கும். வோல்ட்டை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிச் சொல்ல ஷண்ட் வேண்டும்.

போன மாதம் ஒரு மழையில் சாயங்காலம் போன கரண்ட் மறுநாள் மதியம்தான் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து, என்னைக் கூப்பிடாமல், தானே இன்வெர்ட்டர் ஸ்விட்சைப் போட்டு நெபுலைசர் வைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் மீட்டரைப் பார்த்தேன், 64 சதவீதம் மீதி இருந்தது. இன்வெர்ட்டரையும் அவரே அணைத்திருந்தார்.