கொல்லையும் சேர்ந்ததுதான் குடியிருப்பு

மன்னார்குடியில் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது வந்த வழக்கு இது. அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "குடிசை நிக்கிற எடம் மட்டும்தான் ஒனக்கு, கொல்லை எங்களுதுன்னு முள்ளு வச்சு அடைக்கிறாங்க தம்பி. நான் மாட்ட எங்க கட்டுவேன்?" என்றார்.

தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு 40-ஆவது சட்டத்தில் வரும் சிக்கல் அது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பிறர் மனையில் குடியிருந்த விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம். வீடோ குடிசையோ நிற்கும் இடத்தோடு, அதை வசதியாக அனுபவிக்கத் தேவைப்படும் பக்கத்து இடமும் குடியிருப்பில் சேர்த்தி. தேவை என்பது எவ்வளவு? தகராறு முழுக்க அதில்தான்.

சட்டமன்ற விவாதத்தில் சாதகமான ஒரு வரி சிக்கினால் போதும் என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குக் கிளம்பினேன். சீனியர் நிறுத்தினார். "பேச்சை அப்புறம் தேடுப்பா. மொதல்ல முன்னாடி வந்த சட்டத்தையெல்லாம் வரிசையா வச்சுப் படி." மசோதாவைக் கொண்டுவந்தவரின் பேச்சை, எந்தக் கேட்டைப் போக்கச் சட்டம் வந்தது என்று அறியப் பார்க்கலாம் என 1981-இல் கே.பி. வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சீனியர் சொன்னபடியே செய்தேன்.

1952 ஆகஸ்டில், ராஜாஜி முதலமைச்சர், தஞ்சை மாவட்டத்துக்கென்று பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்பு, 1956-இல் நியாய வாரம், அதாவது நிலக்காரருக்குக் கொடுக்கும் குத்தகைக்கு நியாயமான அளவு. வயலில் ஓரளவு பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் ராத்திரி படுக்கும் மனை மிராசுதாரருடையது. கூலி கூடக் கேட்டால், சங்கத்தில் சேர்ந்தால், "மனையைக் காலி பண்ணு" என்ற ஒரு சொல் போதும். 1961-இல் அப்படி வெளியேற்றத் தடை வந்தது. அப்போதும் மனை அவருடையதுதான். பத்து வருஷம் கழித்து அந்தப் பிடியையே அறுத்தது 1971.

இதைப் பார்த்ததும் எனக்கு வாதம் பிடிபட்டது. குடிசையைக் கொடுத்துவிட்டு, நடக்கிற தடத்தையும் மாடு கட்டுகிற இடத்தையும் நிலக்காரரிடமே விட்டால் பழைய பிடி வேறு வழியில் திரும்பிவிடும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டம், தலைப்பிலேயே 'குடியிருப்பு' என்ற நம் சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. கொல்லை இல்லாத குடியிருப்பை எங்கள் பக்கத்தில் யாரும் குடியிருப்பு என்று சொல்லமாட்டார்கள். அதையும் மனுவில் எழுதினேன். சீனியர் அந்த வரியை அடித்துவிடவில்லை.

அளக்கப் போன அன்று அந்த அம்மா முருங்கை மரத்தைக் காட்டினார், பாத்திரம் கழுவும் கல்லைக் காட்டினார், கடைசியாக மாடு கட்டும் முளைக்குச்சியருகே போய் நின்றார். டேப்பின் நுனியைக் குனிந்து அவரே பிடித்துக்கொண்டார்.